கியாவா ஓஷன் கோர்ஸ்: கடல் தெரியுற இடத்துல எல்லாம் காத்தும் இருக்கும்

கேட்ட கேள்வி இதுதான்: அட்லாண்டால இருந்து நாலு ஃப்ரெண்ட்ஸ் போறாங்க, எல்லாருக்கும் ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையக் காட்டற எண், கம்மியா இருந்தா நல்ல ஆட்டக்காரர்) 18ல இருந்து 24க்குள்ள, ஒருத்தரோட நாப்பதாவது பர்த்டேக்காக சவுத் கரோலினால இருக்கற கியாவா ஐலண்ட் ஓஷன் கோர்ஸ்ங்கற கோல்ஃப் மைதானம் புக் பண்ணியாச்சு, இப்போ வீடியோ எல்லாம் பாத்துட்டு வயித்த கலக்குது, எங்கள மாதிரி ஆளுங்க அங்க ஆடலாமா, ஆடினா எப்படி ஆடணும், அவ்ளோ காசு குடுக்கறதுக்கு அது தகுமா.

தாராளமா ஆடலாம். ஆனா ரெண்டு விஷயத்த இங்க வீட்லயே முடிவு பண்ணிட்டு போகணும். ஒண்ணு, பின்னாடி டீ (ஒவ்வொரு ஹோலையும் ஆட ஆரம்பிக்கற இடம், பின்னாடி போகப் போக தூரம் கூடும்) பக்கமே போகக்கூடாது. ரெண்டு, உங்க ஊர் கோர்ஸ்ல 150 யார்டுக்கு 7 அயர்ன் கிளப் (பந்தடிக்கற மட்டை)னு வச்சிருக்கீங்களே, அந்தக் கணக்கு அங்க ஓடாது. நான் இதுவரைக்கும் மூணு தடவ அங்க ஆடியிருக்கேன், என் ஹேண்டிகேப் 15 பக்கம். முதல் தடவ 11 பந்து தொலைச்சேன், ரெண்டாவது தடவ 4, போன தடவ 2. இந்த இடைவெளில என் ஸ்விங் ஒண்ணும் பெருசா மாறிடல, எங்க அடிக்கறதுன்னு முடிவு பண்ற விதம்தான் மாறிச்சு. அதனால ஸ்விங் பத்தி ரொம்ப சொல்ல மாட்டேன், அந்த முடிவுகளப் பத்தித்தான் சொல்லப் போறேன், கொஞ்சம் நீளமாவே போகும்.

முதல்ல அந்த கோர்ஸ் ஏன் இப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கறது நல்லது, ஏன்னா அது தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும். அத கட்டினது பீட் டை, அவரோட மனைவி ஆலிஸ் டையும் கூட இருந்தாங்க. 1991 ரைடர் கப்ப (அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதற டீம் போட்டி) அங்க நடத்தறதுன்னு முடிவு பண்ணினப்போ கோர்ஸே இல்ல, வெறும் மணல் மேடும் சதுப்பும்தான். வேல நடந்துட்டு இருக்கும்போதே 1989 செப்டம்பர்ல ஹ்யூகோ புயல் வந்து அந்தக் கரையையே புரட்டிப் போட்டுச்சு, அதுக்கப்புறமும் ரெண்டு வருஷத்துக்குள்ள முடிச்சாங்க. பீட் டை மொதல்ல நெனச்சது மணல் மேட்டுக்குப் பின்னாடி தாழ்வா ஃபேர்வே (டீல இருந்து குழி பக்கம் போற வெட்டின புல்தரை) போடலாம்னு. ஆலிஸ்தான், இவ்ளோ பக்கத்துல அட்லாண்டிக் இருக்கு, ஆடறவங்களுக்கு கடலே தெரியலன்னா என்ன அர்த்தம், மொத்தத்தையும் ஒசத்துங்கன்னு சொன்னாங்க. ஒசத்தினாங்க. அதனாலதான் இன்னிக்கு அங்க எந்த ஹோல்ல நின்னாலும் கடல் தெரியுது, அதே காரணத்தாலதான் எந்த ஹோல்லயும் காத்துக்கு மறைவே கிடையாது. மணல் மேட்டுக்குப் பின்னாடி பதுங்கியிருக்க வேண்டிய ஆட்டம், மேட்டு மேலயே நடக்குது. அழகா தெரியற அந்தக் காட்சியும் உங்க ஸ்கோரக் கெடுக்கற அந்தக் காத்தும் ஒரே முடிவுல இருந்து வந்ததுதான், இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா மத்தது எல்லாம் புரியும்.

இப்போ காத்து. அந்த இடத்துல வருஷம் பூரா ஒரே பக்கத்துல இருந்து அடிக்கற காத்துன்னு ஒண்ணு கிடையாது, அதனால டை அத எந்தத் திசைக்கும்னு தீர்மானிச்சு கட்டல. ஒரே ஹோல்ல ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் எட்டு கிளப் வரைக்கும் வித்தியாசம் வரும்னு அங்க சொல்லுவாங்க, மொத தடவ கேட்டப்போ நான் நம்பல, இப்போ நம்பறேன். கோர்ஸோட ஓட்டத்த தெரிஞ்சுக்கோங்க: 1ல இருந்து 4 வரைக்கும் கிழக்கப் பாத்து உள்பக்கமா, சதுப்பு ஓரமா போகும். 5ல திரும்பி 13 வரைக்கும் மேற்கப் பாத்து வரும். 14ல மறுபடி திரும்பி 18 வரைக்கும் கிழக்கு, வலது கை பக்கம் கடல். அதாவது நீங்க காலைல முதல் டீல நிக்கும்போது கிழக்கு காத்து மூஞ்சில அடிச்சா, கடைசி அஞ்சு ஹோலும் அதே மாதிரி மூஞ்சிலதான், நடுவுல ஒம்பது ஹோல் முதுகுல. மேற்குல இருந்து வந்தா அப்படியே தலகீழ்.

நான் பொறந்து வளந்தது தரங்கம்பாடி பக்கம். எங்க ஊர்ல பெரியவங்க காத்து அடிக்குதுன்னு மொட்டையா சொல்ல மாட்டாங்க, கொண்டல், வாடை, கச்சான், சோழகம்னு திசைக்கு ஒரு பேர் சொல்லித்தான் பேசுவாங்க, ஏன்னா எந்தக் காத்துன்னு தெரிஞ்சாத்தான் கடலுக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும். கியாவால எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு, ஆனா மொத ரவுண்டு முடிஞ்ச பிறகுதான் வந்துச்சு. அன்னிக்கு நல்ல கொண்டல், கிழக்குல இருந்து. 5ல இருந்து 13 வரைக்கும் காத்து முதுகுல, ரெண்டு மூணு பார் (ஒரு ஹோலுக்குன்னு வச்சிருக்கற அடிக் கணக்கு) வந்துடுச்சு, ரொம்ப நல்லா ஆடறேன்னு நெனச்சுட்டேன். 14வது டீல போய் நின்னா நெஞ்சுல கை வச்சு தள்ற மாதிரி காத்து. அங்க நான் பண்ணின தப்பு, அதே கிளப்ப எடுத்து இன்னும் பலமா அடிச்சேன். பந்து நேரா மேல போச்சு, நின்னுச்சு, பின்னாடி வர்ற மாதிரி எறங்குச்சு. கடைசி அஞ்சு ஹோல்ல மட்டும் ஏழு பந்து போச்சு. அதனால நீங்க முதல் டீலயே திசைய பாத்து ஸ்கோர் கார்டுல ஒரு அம்புக்குறி போட்டு வச்சுக்கோங்க, எந்த ஒம்பது ஹோல் வரவு, எந்த ஒம்பது ஹோல் செலவுன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

கணக்கு சொல்றேன். எதிர்காத்து பண்ற கெடுதல், பின்காத்து பண்ற உதவியப் போல ரெண்டு மடங்கு. தோராயமா மணிக்கு ஒரு மைல் எதிர்காத்துக்கு ஒரு சதவீதம் தூரம் கூட்டிக்கணும், பின்காத்துக்கு அரை சதவீதம் கழிச்சுக்கணும். 150 யார்டு ஷாட், 20 மைல் எதிர்காத்துன்னா அது 180 யார்டு ஷாட். அதே 150, அதே 20 மைல் காத்து முதுகுல இருந்தா 135. நாப்பத்தஞ்சு யார்டு வித்தியாசம், நம்ம கையில அது நாலு கிளப். பலமா அடிச்சா சரியாயிடும்னு தோணும், ஆகாது, பலமா அடிக்க அடிக்க பந்துக்கு பின்சுழற்சி ஏறும், சுழற்சி ஏறினா எதிர்காத்துல பந்து பலூன் மாதிரி மேல ஏறிடும். செய்ய வேண்டியது நேர் எதிர்: ரெண்டு மூணு கிளப் பெருசா எடுங்க, கைப்பிடிய கொஞ்சம் கீழ எறக்கிப் பிடிங்க, பந்த வலது கால் பக்கம் ஒரு பந்து அகலம் தள்ளி வைங்க, முக்கால் ஸ்விங், ஃபினிஷ் தாழ்வா. இத ட்ரிப்புக்கு முன்னாடி ரேஞ்ச்ல ஒரு அம்பது பந்தாவது அடிச்சு பழகிட்டு போங்க, அங்க போய் கத்துக்க முடியாது.

இன்னொண்ணு, மதியத்துக்கு மேல காத்து கூடும். வெயில் ஏற ஏற தரை சூடாகி மேல இருக்கற காத்து எழும்ப, அந்த இடத்துக்கு கடல்ல இருந்து குளிர்ந்த காத்து உள்ள வரும், எந்தக் கடற்கரைலயும் இதேதான். காலைல சீக்கிரம் டீ டைம் கிடைச்சா விடாதீங்க. அதுக்காக காலைல அமைதியா இருக்கும்னு உறுதி எல்லாம் கிடையாது.

காத்து மட்டும் எவ்ளோ பண்ணும்னு தெரியணும்னா 2012 பிஜிஏ சாம்பியன்ஷிப்போட (மேஜர்னு சொல்ற நாலு பெரிய போட்டில ஒண்ணு) வெள்ளிக்கிழமைய எடுத்துக்கோங்க. உலகத்தோட சிறந்த ஆட்டக்காரங்க அத்தன பேரும் சேந்து அன்னிக்கு அடிச்ச சராசரி 78ஐத் தாண்டிடுச்சு. அதே நாள் 49 வயசு விஜய் சிங், இந்திய வம்சாவளி ஃபிஜிக்காரர், 69 அடிச்சார். அந்த வாரம் ஞாயித்துக்கிழமை காத்து அடங்கினப்போ ரோரி மெக்கில்ராய் 66 அடிச்சு எட்டு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்துல ஜெயிச்சுட்டு போனார். கோர்ஸ் அதேதான், க்ரீனும் (குழி இருக்கற குட்டைப் புல்தரை) அதேதான். அதனால உங்க நாலு பேர்ல யாராவது 110 அடிச்சா அது அவங்க கேவலமா ஆடினதால இருக்கணும்னு அவசியமே இல்ல.

சரி, ரெண்டாவது பெரிய விஷயம், கண்ணு. பீட் டையோட கோர்ஸ் எல்லாத்துலயும் இது உண்டு, டீல இருந்து பாத்தா நிக்க இடமே இல்லாத மாதிரி தெரியும், போய் பாத்தா ஃபேர்வே தாராளமா கெடக்கும். எப்படி பண்றார்னா, ஃபேர்வேய நமக்கு நேரா போடாம கோணலா, மூலைவிட்டமா போடறார், முன்னாடி சதுப்பையோ மணலையோ வச்சு மறைக்கறார், கண்ணுக்கு தெரியறது பூரா ஆபத்து, தெரியாதது பூரா புல்லு. ரெண்டாவது ஹோல் இதுக்கு நல்ல உதாரணம். பார் 5, டீ ஷாட்டே சதுப்பத் தாண்டி, கோணலா. இடது பக்கம் ஜாஸ்தி கட் பண்ணினா தூரம் மிச்சம், அந்த ஆசதான் அங்க பொறி. வலது பக்கம் கொஞ்சமா தாண்டி வச்சீங்கன்னா பத்திரம். அப்புறம் க்ரீனுக்கு முன்னாடி மறுபடியும் ஒரு சதுப்பு குறுக்க வரும், அதனால ரெண்டாவது ஷாட்ட எங்க நிறுத்தறதுன்னு முதல்லயே பேசி வச்சுக்கணும், தாண்டலாமா தாண்ட முடியாதான்னு யோசிச்சுக்கிட்டே அடிக்கற ஷாட்தான் எப்பவும் நடுவுல விழும். நாலாவது ஹோலும் சதுப்பு சமாச்சாரம்தான், நீளமான பார் 4, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அது பார் 5. அப்படியே மனசுல எழுதிக்கோங்க, அஞ்சு அடிச்சா பார். மூணாவதுல க்ரீன் சின்னது, கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி, ஓரத்துல விழுந்தா உருண்டு கீழ போயிடும். அந்த மூணாவது ஹோல்லதான் 2012ல மெக்கில்ராயோட பந்து ஒரு பட்டுப்போன மரத்து கிளைல சொருகி நின்னுடுச்சு, ட்ராப் எடுத்து (பந்த எடுத்து வேற இடத்துல போட்டு) அதுக்கப்புறமும் பார் பண்ணினார். மரமெல்லாம் அங்க கொஞ்சம்தான், ஆனாலும்.

டீ. இதுல தயவுசெஞ்சு ஈகோ பாக்காதீங்க. 2021 பிஜிஏ சாம்பியன்ஷிப்புக்கு இந்த கோர்ஸ 7,876 யார்டுக்கு நீட்டினாங்க, மேஜர் சரித்திரத்துலயே அதுதான் நீளமானது. அந்த டீ எல்லாம் போட்டோ எடுக்க நல்லா இருக்கும். நம்ம கணக்கு இது: உங்க 5 அயர்ன் காத்தில்லாம எவ்ளோ போகும்னு நேர்மையா சொல்லுங்க, அத 36ஆல பெருக்குங்க, அதுதான் உங்களுக்கு ஏத்த கோர்ஸ் நீளம். 150 யார்டுன்னா 5,400. 165ன்னா 5,940. கியாவால அதுக்கும் கொஞ்சம் கம்மியா எடுத்தா தப்பில்ல. ஆலிஸ் டை வாழ்நாள் பூரா இதத்தான் சொன்னாங்க, பலம் கம்மியா அடிக்கறவங்களுக்கு முன் டீ ஒழுங்கா வேணும், சும்மா ஒரு ஓரத்துல நாலு மார்க்கர் வைக்கறது டீ கிடையாதுன்னு. அவங்களே பெரிய ஆட்டக்காரி, அமெரிக்க கோல்ஃப் கோர்ஸ் ஆர்க்கிடெக்ட் சங்கத்துக்கு தலைவரான முதல் பெண்ணும் அவங்கதான். ஒசத்திக் கட்டச் சொன்னதும் அவங்க, முன்னாடி வந்து ஆடச் சொன்னதும் அவங்க, ரெண்டையும் சேத்தே கேக்கணும்.

ஹேண்டிகேப் விஷயத்துலயும் ஒரு வார்த்த. உங்க இண்டெக்ஸ் (கோர்ஸுக்கு கோர்ஸ் மாறாத அடிப்படை ஹேண்டிகேப்) 18ன்னா அங்க 18 கிடையாது. சராசரி கோர்ஸுக்கு ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு கோர்ஸ் எவ்ளோ கஷ்டம்ங்கற எண்) 113, உச்சம் 155. ஸ்லோப் 140 இருக்கற ஒரு டீல ஆடினா 18ஐ 140ஆல பெருக்கி 113ஆல வகுங்க, 22 வரும், அதுக்கு மேல கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (நல்ல ஆட்டக்காரர் அங்க அடிக்கற கணக்கு) பாருக்கும் இருக்கற வித்தியாசத்தையும் கூட்டிக்கணும். கார்டுல உங்க டீயோட நம்பரப் பாத்து நாலு பேருக்கும் போட்டு வச்சுக்கோங்க, பெட்டு கட்டறதுக்கும் அதுதான் நியாயம். ஸ்ட்ரோக் ப்ளே (மொத்த அடியையும் எண்ணற ஆட்டம்) வேண்டாம்னு என் அபிப்ராயம். ரெண்டு பேர் ரெண்டு பேரா பிரிஞ்சு மேட்ச் ப்ளே (ஹோலுக்கு ஹோல் யார் ஜெயிச்சாங்கன்னு எண்ணற ஆட்டம்) ஆடுங்க, நாலு பந்துல ஒவ்வொரு டீம்லயும் நல்ல பந்து கணக்கு. ஒருத்தர் சதுப்புல போட்டா எடுத்து பாக்கெட்ல வச்சுட்டு பார்ட்னர உற்சாகப்படுத்தலாம், அந்த ஹோல் அதோட முடிஞ்சுடும், 11 எழுத வேண்டியதில்ல. ரைடர் கப் நடந்த மண்ணு, அதே மாதிரி ஆடறதுல ஒரு சந்தோஷமும் இருக்கு.

புல்லப் பத்தி யாரும் முன்னாடியே எனக்கு சொல்லல, அதனால நான் சொல்றேன். அங்க டீல இருந்து க்ரீன் வரைக்கும் சீஷோர் பாஸ்பலம்னு ஒரு கடற்கரைப் புல்லு. உப்பு தாங்கும், நம்ம வழக்கமான புல்லெல்லாம் கருகிப் போற தண்ணிலயும் வாழும், அதனாலதான் கடலோர ரிசார்ட் கோர்ஸ் நெறைய இடத்துல இது. ஃபேர்வேல பந்து நல்லா தூக்கி உக்காந்திருக்கும், அயர்ன் ஷாட்டுக்கு அருமை. ஆனா க்ரீன் சுத்தி அது கொஞ்சம் ஒட்டும். தரையோட ஓட விடலாம்னு 7 அயர்ன்ல சிப் பண்ணினா (க்ரீன் பக்கத்துல இருந்து சின்னதா தட்டினா) முதல் துள்ளல்லயே புல்லு பிடிச்சு நிறுத்திடும். அதனால ரெண்டுல ஒண்ணு: ஒண்ணு, க்ரீன் மேலயே பந்து விழற மாதிரி வெட்ஜ்ல (பந்த மேல தூக்கற கிளப்) போடுங்க. இல்லன்னா புட்டர (பந்த தரையோட உருட்டற கிளப்) எடுத்து, நீங்க நெனைக்கறத விட கால்வாசி பலம் கூட்டி அடிங்க. நம்ம லெவலுக்கு ரெண்டாவதுதான் நல்லதுன்னு நெனைக்கறேன், ஒசத்திக் கட்டின க்ரீன்ல வெட்ஜ் கொஞ்சம் தப்பினாலும் அந்தப் பக்கம் உருண்டு எறங்கிடும், அப்புறம் அங்கருந்து இங்க, இங்கருந்து அங்கன்னு ஷட்டில் அடிக்கற நிலைமதான். புட் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும், தைரியமா அடிக்கலாம். காத்து பலமா இருந்தா காலக் கொஞ்சம் அகட்டி வச்சு நில்லுங்க, குட்டை புட் போட்டா உடம்பு ஆடுதான்னு தெரியும். க்ரீன்ல மார்க் பண்ணி எடுத்து திருப்பி வச்ச பந்து காத்துல தானா நகர்ந்தா அத பழைய இடத்துலயே வைக்கணும், அபராதம் கிடையாது, 2019ல இருந்து இதுதான் ரூல், அங்க இது நெசமாவே நடக்கும்.

மணல். ஃபேர்வேக்கு ரெண்டு பக்கமும் எங்க பாத்தாலும் மணல், எது பங்கர் (விதிப்படி தடையா கணக்கு பண்ற மணல் குழி) எது கடற்கரைன்னே தெரியாது. அங்க நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்ல மணல் எதையுமே பங்கரா கணக்குல எடுக்கல, கிளப்ப மணல்ல வைக்கலாம், ப்ராக்டிஸ் ஸ்விங் பண்ணலாம். நீங்க ஆடற அன்னிக்கு லோக்கல் ரூல் என்னன்னு ஸ்டார்ட்டர்கிட்ட முதல் டீலயே கேட்டுக்கோங்க, இது சின்ன விஷயம் இல்ல. இதே பீட் டை கட்டின விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ்ல 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப்போட கடைசி ஹோல்ல டஸ்டின் ஜான்சன் ஜனங்க மிதிச்சுட்டிருந்த மணல் திட்டுல கிளப்ப வச்சார், அது பங்கர்னு அவருக்கு தோணவே இல்ல, ரெண்டு ஸ்ட்ரோக் அபராதம், ப்ளேஆஃப்ல ஆட வேண்டியவர் வெளிய போயிட்டார். மணல்ல இருந்து ஆடும்போது க்ரீனப் பாக்காதீங்க, பக்கத்துல இருக்கற புல்லுக்கு ஒரு வெட்ஜ், அவ்ளோதான். அந்த உயரமான மேட்டு ஓரத்துல முழங்கால் ஒசரத்துல காட்டுப்புல் இருக்கும், அதுல பந்து போனா மூணு நிமிஷம்தான் தேடலாம், சந்தேகமா இருந்தா அப்பவே ப்ரொவிஷனல் (பந்து கிடைக்கலன்னா கணக்குல வர்ற மாத்துப் பந்து) அடிச்சுட்டு நடங்க.

குளத்து ஓரத்துல அலிகேட்டர் இருக்கும், கதை இல்ல, நெசமா இருக்கும். பந்து அது பக்கத்துல கெடந்தா விட்ருங்க. ஆபத்தான மிருகம் பக்கத்துல இருந்தா பத்திரமான இடத்துல அபராதம் இல்லாம ட்ராப் எடுக்க ரூல்லயே இடம் உண்டு, பந்து பெனால்டி ஏரியாவுக்குள்ள (குளம் மாதிரி அபராதம் விழற இடம்) இருந்தா மட்டும் அந்த இலவச ட்ராப் பெனால்டி ஏரியாவுக்குள்ளயேதான் எடுக்கணும். நாலு டாலர் பந்துக்காக தண்ணி ஓரம் குனியாதீங்க, முக்கியமா தண்ணிக்கு முதுகு காட்டி நிக்காதீங்க.

இப்போ 17. நீங்க கேக்கலன்னாலும் இதப் பத்தி எழுதாம இருக்க முடியாது. பார் 3, பின் டீல 220 யார்டு பக்கம், டீல இருந்து க்ரீன் வரைக்கும் தண்ணி, வலது பக்கமும் தண்ணி. 1991 ரைடர் கப்போட கடைசி நாள் மார்க் கால்கவெக்கியா, காலின் மாண்ட்கோமெரிய விட நாலு ஹோல் முன்னாடி இருந்தார், நாலே ஹோல்தான் மிச்சம். 15 போச்சு, 16 போச்சு. 17ல மாண்ட்கோமெரி தண்ணில போட்டார், இவர் நிலத்துல எங்கயாவது போட்டாலே முடிஞ்சது, இவரும் தண்ணிலயே போட்டார். அதுக்கப்புறமும் ரெண்டடி புட் ஒண்ண போட்டிருந்தா தப்பிச்சிருப்பார், அதுவும் போகல. 18ம் தோத்து மேட்ச் டை ஆச்சு, மனுஷன் கடற்கரைக்கு போய் அழுதார். நான் அந்த டீல நிக்கும்போதெல்லாம் அவரத்தான் நெனச்சுப்பேன், உலகத்தரத்துல ஆடறவருக்கே அந்த நேரத்துல கை அப்படி இறுகுதுன்னா நாம அங்க க்ரீனுக்கு அடிச்சே ஆகணும்னு என்ன கட்டாயம்? இடது பக்கம் நிலம் இருக்கு. முன் டீல இருந்தும் காத்து எதிர்ல இருந்தா இடது பக்கம் பாத்து அடிச்சு, அங்கருந்து ஒரு சிப், ரெண்டு புட், நாலு. போன தடவ நான் அப்படித்தான் நாலு எடுத்தேன், என் கூட வந்த மூணு பேரும் க்ரீனுக்கே அடிச்சு தண்ணில போட்டாங்க.

18ல வலது பக்கம் கடல், க்ரீன் வரைக்கும் கூடவே வரும். அதே 1991ல மொத்த கப்பும் கடைசி மேட்ச்ல இந்த க்ரீன்ல வந்து நின்னுச்சு, ஹேல் இர்வினுக்கு எதிரா பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு ஒரு ஆறடி புட். விழுந்திருந்தா 14-14, கப்பு ஐரோப்பா கையிலயே இருந்திருக்கும். விழல, அமெரிக்கா பதினாலரைக்கு பதிமூணரை. அவரோட லைன்ல ஸ்பைக் தடம் இருந்துச்சு, அப்போ ரூல் படி அத சரி பண்ணக்கூடாது, 2019ல இருந்துதான் சரி பண்ணலாம்னு மாத்தினாங்க. அடுத்த வாரமே ஜெர்மன் மாஸ்டர்ஸ் போய் ஜெயிச்சார் அந்த மனுஷன். அவர் மேல எனக்கு மரியாத வந்தது அதுலதான், அந்த புட் போகாததுல இருந்து இல்ல, அடுத்த வாரம் போய் நின்னதுல இருந்து. 2021ல இதே 18வது ஃபேர்வேலதான் ஜனங்க கயித்த தாண்டி ஓடி வந்து ஃபில் மிக்கல்சன சூழ்ந்துக்கிட்டாங்க, 50 வயசுல மேஜர் ஜெயிச்ச முதல் ஆள், அதுக்கு முன்னாடி 1968ல ஜூலியஸ் போரோஸ் 48 வயசுல ஜெயிச்சதுதான் ரெக்கார்ட். ரெண்டு ஸ்ட்ரோக்ல ஜெயிச்சார், அந்த காத்துல ஒவ்வொரு ஷாட்டுக்கும் கண்ண மூடி மூச்ச இழுத்து விட்டுட்டு நிதானமா ஆடினது டிவில நல்லா தெரிஞ்சுது. உங்க நாப்பது வயசுக்காரருக்கு இத சொல்லுங்க. 18ல ஆடறதுக்கு வழி ஒண்ணுதான், இடது பக்கமா போங்க, வலது பக்கம் அழகு பாக்க மட்டும்.

நடைமுறை விஷயங்கள் சுருக்கமா. கேடி (பை தூக்கிட்டு கூட வந்து யோசனை சொல்றவர்) எடுங்க, அங்க மிச்சம் பிடிக்க நெனைக்காதீங்க. கேடிகிட்ட கொடி எவ்ளோ தூரம்னு கேக்கறத விட, எந்தப் பக்கம் போனா பந்து கிடைக்காதுன்னு கேளுங்க, அந்த ஒரு கேள்விதான் என் பதினொண்ண நாலாக்கிச்சு. அவங்களுக்கு குடுக்க கையில கேஷ் வச்சுக்கோங்க. நடந்து ஆடறதுக்கு தயாரா போங்க, பழகின ஷூ போடுங்க, மணல்ல நடக்கறது கால இழுக்கும். வெயில் காலத்துல சதுப்புக் கொசுவும் கண்ணுக்கே தெரியாத ஒரு கடிபூச்சியும் பாடாப் படுத்தும், ஸ்ப்ரே கட்டாயம். வசந்த காலமும் அக்டோபர், நவம்பரும் நல்ல மாசம், ஆனா ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் புயல் சீசன்ங்கறதால கேன்சல் பண்ணினா காசு எப்படி திரும்ப வரும்னு புக் பண்ணின இடத்துல கேட்டு வச்சுக்கோங்க. சார்ல்ஸ்டன்ல இருந்து கார்ல ஒரு மணி நேரத்த ஒட்டி ஆகும், கடைசிப் பாதி ஒத்த ரோடு, ஓக் மரம் ரெண்டு பக்கமும் வளைஞ்சு நிக்கும், ட்ராஃபிக் மாட்டினா நகராது, தவிர தீவோட கிழக்கு கடைசிலதான் ஓஷன் கோர்ஸ், கேட் தாண்டின அப்புறமும் கொஞ்ச தூரம் போகணும். டீ டைமுக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி போய் சேருங்க.

ரெண்டு நாள் தங்கறதா இருந்தா மொத நாள் அதே ரிசார்ட்டோட ஆஸ்ப்ரே பாயிண்ட்ல ஆடுங்க, டாம் ஃபாஸியோ கட்டினது, மனசுக்கு இதமா இருக்கும், கை அந்த ஊர் ஈரக்காத்துக்கு பழகும். ஓஷன் கோர்ஸ ரெண்டாவது நாள் வைங்க. மொத நாளே அத ஆடிட்டு ரெண்டாவது நாள் இன்னொண்ணு ஆடினா அது எவ்ளோ நல்ல கோர்ஸா இருந்தாலும் சப்புன்னு இருக்கும், நாங்க அந்தத் தப்ப பண்ணினோம்.

காசு தகுமான்னு கேட்டீங்க. வருஷத்துக்கு ஒரு தடவ எங்கயாவது பெருசா செலவு பண்றதா இருந்தா நான் இங்கதான் பண்ணுவேன், கலிஃபோர்னியாவோட பிரபலமான பெப்பிள் பீச் கோர்ஸுக்கு முன்னாடியே. பெப்பிள்ல கடலோரம் வர்றது குறிப்பிட்ட சில ஹோல்தான், இங்க பத்து ஹோல் கடல ஒட்டி, மிச்சம் எட்டும் அதுக்கு இணையா. 2031ல மறுபடியும் அங்க பிஜிஏ சாம்பியன்ஷிப் வருது, டிவில 17வது டீ வரும்போது நான் இங்க நின்னேன்னு உங்க பசங்ககிட்ட காட்டலாம். பந்து ஆளுக்கு ஒரு டஜன் கொண்டு போங்க, முன் டீல ஆடினீங்கன்னா பாதி திரும்பி வரும். 16 முடிஞ்சு 17க்கு நடக்கும்போது கேடிகிட்ட ஒரு நிமிஷம் நிக்கலாமான்னு கேட்டுட்டு வலது பக்கம் மேட்டு மேல ஏறிப் பாருங்க, கடல் முழுசா தெரியும், சாயந்தரமா இருந்தா பெலிகன் பறவைங்க வரிசையா அலைய ஒட்டி போகும். அப்புறம் எறங்கி வந்து இடது பக்கம் பாத்து அடிங்க.